ஆங்கிலத்தில் வாக்கியத்தை வாக்கியத்தோடு இணைப்பது எப்படி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதிகளில் வேலை செய்பவர்கள், புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்கள், அலுவலகங்களில் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டியவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. அவற்றை வாய்விட்டு வாசியுங்கள். காற்புள்ளி வரும் இடத்தில் குரல் சற்று நிற்பதை அப்போது நீங்களே உணர்வீர்கள்.

சொற்களும் தெரியும், காலங்களும் தெரியும். இருந்தும் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் இடத்தில் ஏன் தடுமாறுகிறோம்?

இரண்டு மொழிகளும் இணைப்பை வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பதே காரணம். “மழை பெய்ததால் படகு போகவில்லை” என்று நாம் சொல்லும்போது, காரணத்தைக் காட்டும் ‘ஆல்’ என்பது ‘பெய்தது’ என்ற சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பெய்தால், பெய்தாலும், பெய்ததும், பெய்தபோது, பெய்யும்வரை என்று ஒரே வினையின் ஈற்றை மாற்றி மாற்றி எத்தனையோ தொடர்புகளை நாம் காட்டிவிடுகிறோம். வினைமுற்று பெரும்பாலும் ஒன்றுதான்; அது கடைசியில் நிற்கும்.

ஆங்கிலத்தில் இணைக்கும் சொல் தனிச்சொல்லாக, தான் இணைக்கும் கூற்றின் தலையில் நிற்கிறது. அதற்குப் பின்னர் எழுவாயும் முழுமையான வினைமுற்றும் வந்தாக வேண்டும். “த போட் டிட் நொட் கோ பிகோஸ் இட் வோஸ் ரெய்னிங்” என்ற வாக்கியத்தில் ‘டிட் நொட் கோ’, ‘வோஸ் ரெய்னிங்’ என இரண்டு வினைமுற்றுகள் இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் பேசுகிறவர் வினைக்கு வந்து சேர்ந்த பின்னர் ‘ஆல்’ போடுவதா ‘ஆலும்’ போடுவதா என்று முடிவு செய்யலாம். ஆங்கிலத்தில் பேசுகிறவரோ, அது காரணமா, நிபந்தனையா, முரணா என்பதைக் கூற்றின் முதற்சொல்லிலேயே தீர்மானித்துவிட வேண்டும். என் கருத்தில், நம்மவர்களின் தடுமாற்றத்தில் பெரும்பகுதி இந்த இடமாற்றத்திலிருந்தே பிறக்கிறது.

இனி இந்தப் பக்கத்தில், தனக்கென எழுவாயும் வினைமுற்றும் கொண்ட ஒரு கூற்றை உறுப்பு வாக்கியம் என்று குறிப்பிடுவோம்.

‘பட்’, ‘ஓல்தோ’, ‘ஹவெவர்’ மூன்றும் முரணைத்தானே காட்டுகின்றன? இவற்றுள் எது இணைப்பிடைச்சொல், எது வினையடை என்பதை எப்படி அறிவது?

பொருளை வைத்துப் பிரிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். நடத்தையை வைத்துப் பிரிக்க வேண்டும். அதற்கு இரண்டு சோதனைகள் போதும். கடல் கொந்தளிப்பாக இருந்தும் நாங்கள் போனோம் என்ற செய்தியையே மூன்று வகையாகவும் சொல்லிப் பார்ப்போம்.

“த ஸீ வோஸ் ரஃப், பட் வீ வென்ட் அவுட்.”
“ஓல்தோ த ஸீ வோஸ் ரஃப், வீ வென்ட் அவுட்.”
“த ஸீ வோஸ் ரஃப். ஹவெவர், வீ வென்ட் அவுட்.”

முதற் சோதனை, அந்தச் சொல் தன் உறுப்பு வாக்கியத்துக்குள்ளேயே இடம் மாற முடியுமா என்பது. “வீ, ஹவெவர், வென்ட் அவுட்” என்றும் “வீ வென்ட் அவுட், ஹவெவர்” என்றும் தாராளமாக எழுதலாம். “வீ, பட், வென்ட் அவுட்” என்று எழுத முடியாது. ‘ஓல்தோ’வையும் அப்படி நகர்த்த முடியாது. ஆகவே ‘ஹவெவர்’ வினையடை. மற்ற இரண்டும் இணைப்பிடைச்சொற்கள்.

இரண்டாவது சோதனை, அந்தச் சொல்லைத் தலையில் கொண்ட உறுப்பு வாக்கியம் முழுவதையும் தூக்கி முன்னாலோ பின்னாலோ வைக்க முடியுமா என்பது. “வீ வென்ட் அவுட் ஓல்தோ த ஸீ வோஸ் ரஃப்” என்பது சரியான வாக்கியமே. “பட் வீ வென்ட் அவுட், த ஸீ வோஸ் ரஃப்” என்பது வாக்கியமே ஆகாது. எனவே ‘ஓல்தோ’ ஓர் உறுப்பு வாக்கியத்தை மற்றொன்றின் கீழ்ச் சார்பு வாக்கியமாக்கும் இணைப்பிடைச்சொல். ‘பட்’ சம நிலையிலுள்ள இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் இணைப்பிடைச்சொல்.

எந்தப் புதிய சொல்லைக் கண்டாலும் இந்த இரண்டு சோதனைகளையும் செய்து பாருங்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதை விட இது உறுதியானது. ஏனெனில் பட்டியலில் இல்லாத சொல்லையும் இது வகைப்படுத்தித் தரும். ‘தோ’, ‘ஸோ’, ‘யெட்’ போன்ற சில சொற்கள் இரண்டு வேடங்களிலும் வருவதால், அவற்றை வாக்கியத்துக்கு வாக்கியம் சோதித்தே அறிய வேண்டும்.

ஆனாலும் ஒரு பட்டியல் வேண்டுமே?

சம நிலையில் இணைப்பவை அண்ட், பட், ஓர், நோர், ஸோ, யெட், ஃபோர் ஆகிய ஏழு என்றே பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. காரணப் பொருளில் வரும் ‘ஃபோர்’ இன்று பேச்சில் ஏறக்குறைய இல்லை. அதைக் கண்டால் அறிந்துகொண்டால் போதும். சார்பாக்குபவற்றுள் அன்றாடம் வேண்டியவை பிகோஸ், இஃப், வென், வைல், சின்ஸ், ஓல்தோ, அன்லெஸ், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஸோ தட் என்பன. இணைக்கும் வினையடைகளில் ஹவெவர், தெயர்ஃபோர், அதர்வைஸ், இன்ஸ்டெட், மீன்வைல், தென், நெவர்தலெஸ், மோரோவர், பிசைட்ஸ் ஆகியவற்றை முதலில் பழகுங்கள்.

‘ஹவெவர்’ முன்னால் காற்புள்ளி மட்டும் இட்டால் ஆசிரியர் ஏன் சிவப்புக் கோடு போடுகிறார்?

வினையடைக்கு இரண்டு வாக்கியங்களின் பொருளைத் தொடர்புபடுத்தும் ஆற்றல் உண்டு. இலக்கண அளவில் அவற்றை ஒன்றாகப் பிணைக்கும் ஆற்றல் இல்லை. “த ஸீ வோஸ் ரஃப், ஹவெவர், வீ வென்ட் அவுட்” என்று எழுதினால், இரண்டு முழு வாக்கியங்கள் வெறும் காற்புள்ளியால் ஒட்டப்பட்டிருக்கின்றன. அத்துடன் ‘ஹவெவர்’ முன்னதைச் சேர்ந்ததா பின்னதைச் சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். பின்னால் காற்புள்ளி வேண்டும். தெயர்ஃபோர், அதர்வைஸ், நெவர்தலெஸ் ஆகியவற்றுக்கும் முன்னால் இதே விதிதான்.

தமிழில் முற்றுப்பெற்ற வாக்கியங்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கி எழுதுவது பழக்கத்தில் இருப்பதால் இந்தப் பிழை நம் கண்ணுக்குப் பிழையாகவே படுவதில்லை. ஆகவே எழுதி முடித்த பின்னர் இந்தச் சொற்களை மட்டும் தேடிச் சென்று, முன்னால் என்ன குறி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

சரியான ஓர் எடுத்துக்காட்டு, நம் துறைமுகத்தின் வரலாற்றிலிருந்து: “த ஹெர்மீஸ் ஹாட் லெஃப்ட் ட்ரின்கோமலீ; நெவர்தலெஸ், இட் வோஸ் ஸங்க் ஒஃப் பட்டிக்கலோவா.” 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்குவதற்கு முன்பே விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸ் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது, அப்படியிருந்தும் அது அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ‘அப்படியிருந்தும்’ என்ற அழுத்தத்தை ‘நெவர்தலெஸ்’ சுமக்கிறது. இரண்டு வாக்கியங்களையும் பிரித்து நிறுத்தும் வேலையை அரைப்புள்ளி செய்கிறது.

‘ஓல்தோ’ என்று தொடங்கி, நடுவில் ‘பட்’ போட்டால் என்ன?

“ஓல்தோ ஹீ வோஸ் டயர்ட், பட் ஹீ கேம்” என்பது நம்மிடையே மிகப் பரவலான பிழை. “களைப்பாக இருந்தாலும், ஆனால் அவர் வந்தார்” என்று தமிழிலும் கவனக்குறைவாகச் சொல்வதுண்டு. அங்கே கேட்பவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் ‘ஓல்தோ’ முதல் வாக்கியத்தைச் சார்பு வாக்கியமாக்கிவிடுகிறது. ‘பட்’ தன் இரு பக்கத்திலும் சம நிலையை எதிர்பார்க்கிறது. ஒரே இணைப்புக்கு இரண்டும் ஒன்றாக நிற்க இயலாது. ஒன்றை எடுத்துவிடுங்கள், எதை எடுத்தாலும் மிஞ்சுவது சரியான வாக்கியமாக இருக்கும்.

‘பிகோஸ்’, ‘ஸோ’ என்ற சோடிக்கும் இதே கதிதான். “பிகோஸ் த பஸ் வோஸ் லேட், ஐ மிஸ்ட் த ட்ரெய்ன்” அல்லது “த பஸ் வோஸ் லேட், ஸோ ஐ மிஸ்ட் த ட்ரெய்ன்.” ஓர் இணைப்புக்கு ஓர் இணைப்பிடைச்சொல்.

“மழை பெய்தாலும்” என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி எளிதாகத் தோன்றினாலும் இதில் கவனிக்க நிறைய இருக்கிறது. “மழை பெய்தாலும் போனோம்” என்றால் மழை பெய்தது. “மழை பெய்தாலும் போவோம்” என்றால் மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யலாம், பெய்யாமலும் விடலாம். தமிழில் ‘பெய்தாலும்’ இரண்டுக்கும் பொது. எது நடந்தது, எது நடக்கக்கூடியது என்பதை இறுதி வினையின் காலமே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் நடந்ததற்கு ‘ஈவன் தோ’ அல்லது ‘ஓல்தோ’. நடக்கக்கூடியதற்கு ‘ஈவன் இஃப்’. “ஈவன் தோ இட் ரெய்ண்ட், வீ வென்ட்.” “ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் கோ.” ஒரு படகோட்டி பயணிகளிடம் “ஈவன் தோ த ஸீ இஸ் ரஃப், வீ வில் கோ” என்று சொன்னால், இப்போதே கடல் கொந்தளிக்கிறது என்று அவர் உறுதியாகச் சொல்வதாகவே அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். அவர் சொல்ல நினைத்தது, ஒருவேளை கொந்தளித்தாலும் போவோம் என்பதாக இருக்கலாம். ஒரு சிறு சொல் மாறியதால் எதிரில் நிற்பவர் பயந்து பின்வாங்க இடமுண்டு என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

‘ஈவன்’ மட்டும் தனியாக நின்று வாக்கியங்களை இணைக்காது. “ஈவன் இட் ரெய்ண்ட், வீ வென்ட்” என்பது பிழை.

‘இஃப்’, ‘வென்’ இரண்டில் எதை எங்கே பயன்படுத்துவது?

“அம்மா வந்தால் சொல்” என்று வீட்டில் சொல்கிறோம். அம்மா வருவது உறுதி என்றாலும் ‘வந்தால்’ என்கிறோம். உறுதியில்லை என்றாலும் ‘வந்தால்’ என்கிறோம். ஆங்கிலத்தில் வருவது உறுதியானால் ‘வென்’, ஐயமிருந்தால் ‘இஃப்’. விடுதிக்கு முன்பதிவு செய்தவரிடம் “இஃப் யூ அரைவ், ப்ளீஸ் கோல் அஸ்” என்று எழுதினால், அவர் வருவாரோ மாட்டாரோ என்று நாம் ஐயப்படுவது போலாகும். “வென் யூ அரைவ்” என்பதே மரியாதை.

இவ்விரண்டுக்கும் பின்னால் வரும் வினையில் எதிர்காலத்தைக் காட்ட ‘வில்’ சேர்ப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். “வென் த ரெய்ன் ஸ்டொப்ஸ், வீ வில் கோ” என்பதே சரி. “வென் த ரெய்ன் வில் ஸ்டொப்” என்பது பிழை. இது நமக்கு அந்நியமான வழக்கமும் அல்ல. “மழை விட்டதும் போவோம்” என்று இறந்தகால வடிவத்தை வைத்தே நாம் எதிர்காலத்தைப் பேசுகிறோம். காலத்தைக் காட்டும் பொறுப்பைத் தலைமை வாக்கியத்திடம் விட்டுவிடும் இந்த முறை, அன்டில், பிஃபோர், ஆஃப்டர், அன்லெஸ் ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

சார்பு வாக்கியம் முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா?

தமிழில் அது இயல்பாக முன்னால் வரும். ஆங்கிலத்தில் இரண்டும் இயலும். முன்னால் வந்தால் முடிவில் காற்புள்ளி வேண்டும், பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். அன்றாடப் பேச்சில் ‘இஃப்’ வாக்கியம் முன்னாலும், ‘பிகோஸ்’ வாக்கியம் பின்னாலும் வருவதே மிகுதி. நிபந்தனையை முதலில் அறிந்தால்தான் மற்றது விளங்கும், காரணமோ, செய்தியைச் சொன்ன பிறகு எழும் “ஏன்?” என்ற கேள்விக்கு விடை. “ஏனென்றால்” என்று நாமும் காரணத்தைப் பின்னால் சொல்வதுண்டு அல்லவா? அந்த ‘ஏனென்றால்’ இருக்கும் இடமே ‘பிகோஸ்’ இயல்பாக அமரும் இடம்.

“சந்தைக்குப் போய், மீன் வாங்கி, வீட்டுக்கு வந்தேன்” என்பதில் வரும் ‘போய்’, ‘வாங்கி’ என்பவற்றுக்கு ‘ஹாவிங் கோன்’, ‘ஹாவிங் போட்’ என்று எழுதலாமா?

இலக்கணப்படி எழுதலாம், ஆனால் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. வினையெச்சங்களை நூலில் மணி கோப்பது போல வரிசையாகக் கோப்பது தமிழின் பெரும் அழகு. ஆங்கிலம் அந்த வரிசையை வினைமுற்றுகளாகவே வைத்து, கடைசி இணைப்பில் ‘அண்ட்’ சேர்க்கிறது: “ஐ வென்ட் டு த மார்க்கெட், போட் சம் ஃபிஷ் அண்ட் கேம் ஹோம்.” எழுவாயை ஒருமுறை சொன்னால் போதும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை வற்புறுத்த விரும்பினால் ‘அண்ட் தென்’ போடலாம். இங்கே ‘தென்’ வினையடை. முன்னால் நிற்கும் ‘அண்ட்’தான் உண்மையில் இணைக்கிறது.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. “கடற்கரையில் நடக்கும்போது மழை வந்தது” என்பது நல்ல தமிழ். நடந்தவர் யார் என்பது இடத்தால் விளங்கும். இதையே “வோக்கிங் ஒன் த பீச், த ரெய்ன் கேம்” என்று மாற்றினால், ஆங்கில விதிப்படி மழைதான் கடற்கரையில் நடந்ததாகப் பொருள்படும். ஏனெனில் எழுவாய் இல்லாத ‘வோக்கிங்’ தனக்குரிய எழுவாயைத் தலைமை வாக்கியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டு வாக்கியங்களின் எழுவாய்களும் வேறுபட்டால், இணைப்பிடைச்சொல்லையும் எழுவாயையும் வெளிப்படையாக எழுதுங்கள்: “வைல் வீ வேர் வோக்கிங் ஒன் த பீச், த ரெய்ன் கேம்.”

‘பிகோஸ்’, ‘பிகோஸ் ஒஃப்’ இரண்டும் ஒன்றா?

பொருள் ஒன்று, பின்னால் வருவது வேறு. ‘பிகோஸ்’ இணைப்பிடைச்சொல் என்பதால் அதன் பின்னால் உறுப்பு வாக்கியம் வரும். ‘பிகோஸ் ஒஃப்’ பின்னால் பெயர்ச்சொல்தான் வரும்: “பிகோஸ் ஒஃப் த ரெய்ன்.” ‘டிஸ்பைட்’, ‘இன் ஸ்பைட் ஒஃப்’, ‘டியூரிங்’ ஆகியனவும் அப்படியே. “டிஸ்பைட் இட் ரெய்ண்ட்” என்பது பிழை. “டிஸ்பைட் த ரெய்ன்” சரி. மாரி காலத்தில் படகுகள் ஏன் ஓடுவதில்லை என்று விருந்தினர் கேட்டால் “பிகோஸ் த ஸீ இஸ் ரஃப்” என்றும் சொல்லலாம், “பிகோஸ் ஒஃப் த ரஃப் ஸீ” என்றும் சொல்லலாம்.

‘அன்லெஸ்’, ‘அதர்வைஸ்’ இரண்டுக்கும் “இல்லாவிட்டால்” என்றுதானே பொருள்?

‘அன்லெஸ்’ சார்பாக்கும் இணைப்பிடைச்சொல். “இல்லாவிட்டால்” என்ற எதிர்மறை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அதனுடன் ‘நொட்’ சேர்க்க வேண்டியதில்லை. புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கே இறங்க நுழைவுச்சீட்டு வேண்டும். அதை இப்படிச் சொல்லலாம்: “அன்லெஸ் யூ ஹாவ் அ டிக்கெட், யூ கான்ட் லாண்ட் ஒன் த ஐலண்ட்.” ‘அதர்வைஸ்’ வினையடை, முதலில் வேண்டியதைச் சொல்லி முடித்து, பின்னர் விளைவைச் சொல்ல உதவும்: “யூ நீட் அ டிக்கெட்; அதர்வைஸ், யூ கான்ட் லாண்ட்.” பேச்சில் அதே இடத்தில் ‘ஓர்’ என்று சொன்னாலும் போதும்.

‘ஸோ’, ‘ஸோ தட்’ வேறுபாடு என்ன?

முதலாவது விளைவு, இரண்டாவது நோக்கம். “வீ லெஃப்ட் ஏர்லி, ஸோ வீ கோட் த ட்ரெய்ன்” என்றால் ரயிலைப் பிடித்துவிட்டோம். “வீ லெஃப்ட் ஏர்லி ஸோ தட் வீ குட் காட்ச் த ட்ரெய்ன்” என்றால், பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டோம். பிடித்தோமா என்பதை இந்த வாக்கியம் சொல்லவில்லை. பேச்சில் ‘தட்’ விழுந்துவிடுவதுண்டு. அப்போது ‘கான்’, ‘குட்’, ‘வில்’, ‘வுட்’ போன்ற துணைவினைகளே நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

‘பிஃபோர்’ என்பது ‘பிஃபோர் தட்’ ஆவது எப்போது?

கிண்ணியாப் பாலத்தை வைத்துச் சொல்லலாம். “பிஃபோர் த ப்ரிட்ஜ் வோஸ் ஓபண்ட், பீப்பிள் க்ரொஸ்ட் பை ஃபெரி.” இங்கே ‘பிஃபோர்’ இணைப்பிடைச்சொல்; பாலம் திறக்கப்பட்டது என்ற உறுப்பு வாக்கியத்தைச் சார்பாக்கி, ஒரே வாக்கியமாக்குகிறது. “த ப்ரிட்ஜ் வோஸ் ஓபண்ட் இன் 2009. பிஃபோர் தட், பீப்பிள் க்ரொஸ்ட் பை ஃபெரி.” இங்கே ‘பிஃபோர் தட்’ வினையடையின் வேலையைச் செய்கிறது, வாக்கியங்கள் இரண்டாகவே இருக்கின்றன. பாதை எனப்படும் படகில் ஏறிக் கடந்த காலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியவர்கள், ஒரே செய்தியை இந்த இரண்டு விதமாகவும் ஆங்கிலத்தில் சொல்ல வைத்தால், அதுவே நல்ல பயிற்சியாகும். ‘ஆஃப்டர்’, ‘ஆஃப்டர் தட்’ என்பவற்றுக்கும் இதுவே முறை.

கடிதத்தில் ‘மோரோவர்’, ‘தெயர்ஃபோர்’ நிறைய வந்தால்தான் நல்ல ஆங்கிலமா?

இல்லை. இணைப்பு தேவைப்படும் இடத்தில்தான் இணைப்புச் சொல் வேண்டும். ‘மோரோவர்’ என்பது முன் சொன்ன வாதத்துக்கு வலுச் சேர்க்கும் இன்னொரு வாதத்தைத் தொடங்கும் சொல். தொடர்பற்ற இன்னொரு செய்தியைச் சொல்வதற்கு அது பொருந்தாது. விடுமுறைக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதி, அடுத்த வரியில் ‘மோரோவர்’ என்று தொடங்கிப் பரீட்சைத் திகதியைக் கேட்பது, வாசிப்பவரைத் தவறான வழியில் அழைத்துச் செல்லும். வாயால் பேசும்போது ‘ஹவெவர்’ இடத்தில் ‘பட்’, ‘தெயர்ஃபோர்’ இடத்தில் ‘ஸோ’, ‘மோரோவர்’ இடத்தில் ‘அண்ட்’ அல்லது ‘ஓல்ஸோ’ இயல்பாக ஒலிக்கும்.

வாக்கியத்தை ‘அண்ட்’, ‘பட்’ என்று தொடங்கக் கூடாது என்கிறார்களே?

தொடங்கலாம். ஆங்கில பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘அண்ட்’ என்றே தொடங்குகிறது. சிறு பிள்ளைகள் எல்லா வாக்கியத்தையும் அப்படியே தொடங்கிவிடாமல் இருப்பதற்காகச் சொல்லப்பட்ட அறிவுரை, காலப்போக்கில் விதி போல நிலைத்துவிட்டது.

வெளிநாட்டு விருந்தினர் வாக்கியத்தின் முடிவில் ‘தோ’ என்கிறார்களே, அது என்ன?

அதுவே பேச்சு ஆங்கிலத்தின் ‘ஹவெவர்’. “த ரூம் இஸ் நைஸ். இட்ஸ் அ பிட் ஹொட், தோ.” அறை நன்றாக இருக்கிறது, ஆனால் சற்று வெக்கையாக இருக்கிறது என்பது பொருள். ‘ஆனால்’ என்பதை முதலிலேயே எதிர்பார்த்துப் பழகிய நம் செவிக்கு, கடைசியில் வரும் இந்த மெல்லிய சொல் எட்டாமலே போய்விடக்கூடும். விடுதி வரவேற்பில் நிற்பவருக்கோ அதுதான் மிக முக்கியமான சொல்; முன்னால் வந்தது பாராட்டு, ‘தோ’ என்று முடியும் வாக்கியமே முறைப்பாடு. அதைக் கேட்டால் “ஐ வில் சென்ட் அ ஃபேன், ஸோ தட் யூ கான் ஸ்லீப் வெல்” என்று விடை சொல்லலாம்.